நம் ஊர் நீருக்கும் காற்றுக்கும் வழக்காட ஆள் எங்கே?

(ஆரம்பாக்கத்தில் நடைபெற்ற இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமுதாயக் கூட்டம் என்றால் இட ஒதுக்கீடு, வக்ஃபு, வரதட்சணை என்று பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவையெல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் இன்று நான் பேசப் போவது சாக்கடையைப் பற்றி, புகையைப் பற்றி, பழைய பேட்டரியைப் பற்றி. "ஹஜ்ரத்துக்கு இதில் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அவருக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஒளூச் செய்யும் தண்ணீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக மதரஸாவில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நிறம் மாறிய தண்ணீர், மணம் மாறிய தண்ணீர், சுவை மாறிய தண்ணீர் என்று பிரித்துப் பிரித்துச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் கெடுப்பது யார், அவனை எங்கே நிறுத்திக் கேட்பது என்பதையும் அதே அக்கறையோடு நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கவரைப்பேட்டையில் தொடங்கி எளாவூர் சோதனைச் சாவடி வரை நெடுஞ்சாலையில் வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. இரும்பை உருக்கும் ஆலைகள், இரசாயன ஆலைகள், கழிவுகளைப் புதைப்பதற்கென்றே ஓர் இடம். தமிழ்நாட்டின் அபாயக் கழிவுகள் கொண்டுவந்து சேர்க்கப்படும் பொதுக் கிடங்கு ஒன்று நமது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. மீனையும் இறாலையும் நம்பி வாழும் குடும்பங்கள். மேற்கே போனால் தேர்வாய் கண்டிகை. அங்கே ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்கு எடுக்கப்பட்டபோது ஊர்ப் பெண்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். ஆடு மாடு மேய்ந்த இடத்தில் இன்று உலகப் புகழ் பெற்ற டயர் ஆலை நிற்கிறது.

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவன் ஊரில் பாதிப் பேருடைய சோற்றில் கை வைக்கிறான். ஆனால் ஒரு கேள்வி. இத்தனை தொழிற்சாலைகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் நம் பிள்ளைகள் என்னவாக இருக்கிறார்கள்? ஒப்பந்தக்காரரிடம் தினக் கூலியாக, லாரி ஓட்டுநராக, வாசலில் டீக்கடைக்காரராக, கழித்துப் போட்ட இரும்பை எடை போட்டு வாங்குபவராக. உழைத்துச் சாப்பிடுகிறார்கள், ஹலாலான வருமானம், குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே ஆலையின் கழிவுநீரைச் சோதிக்கும் வேதியியல் ஆய்வாளராக, புகையை அளக்கும் பொறியாளராக, அந்த ஆலைக்காகவோ அதை எதிர்த்தோ வாதாடும் வழக்கறிஞராக எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும் என்று நினைக்கிறேன்.

வேலூர் சொல்லும் பாடம்

நம் சமுதாயத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் சுற்றுச்சூழல் சட்டம் என்று எடுத்தால் மாணவர்கள் படிக்கும் வழக்கு அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது.

வழக்கு எதைப் பற்றி? தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும். அந்தத் தொழிலில் நம்மவர்கள் எவ்வளவு பேர் என்பது ஊரறிந்த செய்தி. அவர்கள் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இன்றும் நிற்கின்றன. எத்தனையோ ஏழைக் குமர்களின் திருமணம் அந்தத் தோல் பணத்தில் நடந்திருக்கிறது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் பாலாறு என்ன ஆனது? ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் பதனிட 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் போனது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதையும் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் கணக்கெடுத்தபோது 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. குடம் எடுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்தவர்கள் யார்? ஏழைப் பெண்கள். அவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

"இது முஸ்லிம்களின் தொழிலைக் குறி வைத்து நடத்தப்படும் சதி" என்று அந்நாளில் சிலர் மேடையில் முழங்கினார்கள். நம்மைக் குறி வைப்பவர்கள் நாட்டில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்தை எடுத்துத் தடவினால் நோய் போகாது. கிணற்றில் உப்பும் குரோமும் கலந்தபோது அது குடிப்பவனின் மதம் பார்க்கவில்லை. ஆலை முதலாளி முஸ்லிம், ஆலைக் கூலி முஸ்லிம், அடுத்த வயல்காரர் இந்துச் சகோதரர், அதற்கடுத்த கிணற்றுக்காரர் மீண்டும் முஸ்லிம். இதில் எங்கே சதி?

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. ஒன்று, கேடு வரும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், முழு நிரூபணம் கிடைக்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்; தன் தொழிலால் தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவனுடையது. மற்றொன்று, மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மனிதனுக்கும் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்ட மண்ணைச் சீர் செய்யவும் கொடுக்க வேண்டும். ஆலைக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் விதித்தார்கள். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று 'பசுமை அமர்வு' வேண்டும் என்றார்கள்.

ஃபிக்ஹ் படித்த எவருக்கும் இது புதிதாகத் தெரியாது. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது, இழைத்த தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது எங்கள் பாடத்தில் அடிப்படை விதி. அடுப்புப் புகையும் தோல் பதனிடும் இடத்தின் நாற்றமும் பக்கத்து வீட்டுக்காரரைத் தொல்லைப்படுத்தினால் தடுத்து நிறுத்தலாமா என்று நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்ட அறிஞர்கள் வாதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மக்கள் இறங்கும் நீர்த்துறையிலும், நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) கடுமையாகக் கண்டித்தார்கள். இதையெல்லாம் ஜும்ஆவில் சொல்லிவிட்டுத் தொழுகை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் வணிகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டவர்கள் தொழிலில் நின்றார்கள். "பார்த்துக்கொள்ளலாம், ஆளைப் பிடித்துச் சரி செய்யலாம்" என்று இருந்தவர்கள் பூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு கதை முடியவும் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றிலேயே மூச்சடங்கிப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர்ப் பலகை மாட்டினால் மட்டும் போதாது.

2025 ஜனவரி 30 அன்று, அதாவது முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, உச்ச நீதிமன்றம் வேலூர் விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. கண்காணிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. 28 ஆண்டுகள்! தீர்ப்பு வந்த அன்று பிறந்த பிள்ளை இன்று தகப்பனாகியிருப்பான். சட்டம் இருப்பது வேறு, அதைப் பின்தொடர்ந்து ஓட ஆள் இருப்பது வேறு. அந்த ஆள் நம்மிடம் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

கையில் இருக்கும் ஆயுதங்கள்

நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. காற்றுக்கான சட்டம் 1981-இல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல். 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து பழைய நகரத்தின் ஏழைக் குடியிருப்புகள் பிணக்காடான பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு சாமானியன் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் பெரிய ஆலையோ துறைமுகமோ வருகிறது என்றால், 2006 அறிவிக்கையின்படி பெரும்பாலான பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 30 நாளுக்கு முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். நீங்கள் பேசுவதை எழுதிக்கொண்டு, கூட்ட முடிவில் படித்துக் காட்ட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இதில் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதப்படும். நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நம் மௌனம் சம்மதமாகிவிடும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,000 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்காக 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்ட கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள மீனவ மக்கள் விழித்துக்கொண்டிருந்தது அதற்கு முன் நாடு கண்ட காட்சி.

ஆலை ஏற்கனவே இருக்கிறது, தொல்லை தருகிறது என்றால்? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். எவ்வளவு நீர் எடுக்கலாம், எவ்வளவு கழிவு விடலாம், எங்கே விடலாம் என்று எல்லா நிபந்தனையும் அதில் இருக்கும். பதில் தர 30 நாள் கெடு. நம் ஊரில் பாதிச் சண்டை இந்தக் காகிதம் கையில் இல்லாமலேயே போடப்படுகிறது. கோஷம் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதிகாரி கோப்பைத் திறக்காமலேயே நம்மை அனுப்பிவிடுகிறார்.

அதற்கும் மேலே தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010-இல் அமைந்தது. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. எங்கே தெரியுமா? சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாப் வாலாஜா கட்டிய கலசா மஹாலில்! 2012-இல் தீப்பிடித்து எரிந்த கட்டடத்தைச் சீரமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நவாபின் அரண்மனை என்று பெருமை பேசிப் படம் எடுத்துக்கொள்ளும் நம் சகோதரர்கள், அதற்குள் ஒரு மனுவோடு போனால் இன்னும் மகிழ்வேன். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு என்றால் ஐந்து ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். ஆறு மாதம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வழக்குகள் பல கெடுவைத் தாண்டியதால் செத்துப் போகின்றன.

ஆரம்பாக்கத்துக்கு இதில் தனி வசதியும் உண்டு. கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லை. தடா பக்கத்திலிருந்து கெடுதி வந்தால் தமிழ்நாட்டு அதிகாரி கையை விரிப்பார். தென் மண்டல அமர்வுக்கோ ஆந்திரமும் தமிழ்நாடும் ஒரே எல்லைக்குள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அந்த அமர்வு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. ஆனால் அங்கே மொழி ஆங்கிலம். நமக்குச் சட்டம் படித்த பிள்ளைகள் தேவை என்று நான் தொண்டை கட்டக் கத்துவது அதற்காகத்தான்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய கணினி வாங்கி விற்பவர்களில் நம்மவர்கள் அதிகம். அருமையான தொழில். உலகமே இன்று மறுசுழற்சி என்று கொண்டாடுவதை நம் பாட்டன்மார் கோணிப்பையோடு தெருத் தெருவாகச் செய்தார்கள். ஆனால் பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றிவிட்டு, ஈயத்தை மட்டும் எடுப்பது இருக்கிறதே, அது தன் பிள்ளைக்கே விஷம் வைப்பதற்குச் சமம். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை முடித்த சட்டையோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்குகிறீர்கள், தூசியும் உங்களோடு வருகிறது.

சட்டமும் மாறிவிட்டது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பேட்டரியைப் பிரித்து ஈயம் எடுக்கப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே அனுமதி. மின்னணுக் கழிவுக்குப் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வாங்கிச் சேர்த்து, பதிவு பெற்றவரிடம் இரசீதோடு கொடுப்பவருக்கு இந்த விதிகளால் தொழில் பெருகும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, வேலூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதைப் போல, ஒரே பெயரில் பதிவு செய்துகொண்டால் என்ன? நமக்குள் ஒற்றுமை இல்லை என்று சொல்லாதீர்கள். ஏலச்சீட்டுக்கு ஒற்றுமை வருகிறதே!

இன்னொன்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2023-இல் திருத்தம் செய்து, 2024 ஏப்ரல் முதல் அதை 10,000 ரூபாயிலிருந்து 15 இலட்சம் வரை அபராதமாக மாற்றிவிட்டார்கள். தொழில் செய்ய எளிது என்று இதைப் பாராட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெரிய முதலாளிக்கு 15 இலட்சம் என்பது வருடச் செலவில் ஒரு வரி. சிறு வணிகருக்கோ கடையே போய்விடும். ஆகவே அபராதம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாதவர்கள் நீங்கள்தாம். உங்கள் தொழில் சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா, வெள்ளையா என்று வாரியத்தின் பட்டியலில் இன்றே பாருங்கள். வெள்ளைப் பிரிவுக்கு இசைவாணையே தேவையில்லை. தேவையில்லாத இசைவாணைக்குத் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாணவர்களே, இது உங்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் ஐந்தாண்டு சட்டப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே பட்டரைப்பெரும்புதூரில் 2018 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. 2007-இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இட ஒதுக்கீடு அங்கேயும் உண்டு. அந்த இடங்களை நிரப்ப நம்மிடம் விண்ணப்பங்கள் வேண்டும். மதரஸாவில் ஓதும் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் முறையாகத் தேறியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேரே திறந்தவெளிப் பட்டம் வாங்கினால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆலிம் பட்டத்தோடு சட்டப் பட்டமும் சேர்ந்த ஒருவர் ஜமாஅத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து!

வேதியியல் படித்த பெண் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆலையும் தன் நீரையும் காற்றையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடங்களுக்கு ஆள் தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியலில் மேற்படிப்பு இருக்கிறது. பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ படித்துச் சில ஆண்டு ஆலை அனுபவம் பெற்றவர்கள், எரிசக்தித் திறன் அமைப்பு நடத்தும் எரிசக்தி மேலாளர் தேர்வை எழுதலாம். 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிக மின்சாரம் தின்னும் ஆலைகள் அப்படியொருவரை வைத்தாக வேண்டும். இன்னொரு புதுச் செய்தி. இரும்பு, அலுமினியம் முதலியவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்புவோர், அவற்றைச் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை வெளியானது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023 அக்டோபரில் தொடங்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அதற்கு விலையும் உண்டு. இரும்பு ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை எழுதத் தெரிந்த பையன் கூலிக்கு நிற்க வேண்டியதில்லை. பி.காம் படித்தவனும் கற்றுக்கொள்ளக் கூடியதுதான் இது.

ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன்களுக்குச் சூரிய மின்சாரம். மத்திய அரசின் 'சூர்யமித்ரா' பயிற்சி 2015-இல் தொடங்கியது, 600 மணி நேரம். 2024-இல் வந்த வீட்டுக் கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட் பலகைக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கோடி வீடுகள் இலக்கு. பலகையை மாட்ட, கம்பி இழுக்க, பழுது பார்க்க ஆள் வேண்டுமே! காற்றாலையில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது, மின்சார ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். "துபாய் விசா வரட்டும்" என்று இரண்டு வருடம் திண்ணையில் உட்காரும் தம்பிகள் அந்த நேரத்தில் இதைக் கற்றால், துபாய்க்கே போனாலும் அங்கேயும் சூரியன் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் யாரும் கலைந்துவிட வேண்டாம். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெயரும் பாடப் பிரிவும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளையும் எழுதுங்கள். கடைக்காரர்கள் என்ன தொழில், இசைவாணை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். தகவல் உரிமை மனுவின் மாதிரி நகல் அதே மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பத்திரிகையில் படிக்கும் வெளியூர்ச் சகோதரர்கள் தத்தம் ஜமாஅத்தில் இப்படியொரு நோட்டைத் திறக்கலாம். எழுதிய பெயர்களோடு அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் இன்ஷா அல்லாஹ் இதே இடத்தில் உட்காருவோம்.